ஜெய்ப்பூர் கால்: ஒரு செயற்கைக் காலின் வரலாறு

ஜெய்ப்பூர் கால் என்பது விபத்து, நோய், போர் முதலிய காரணங்களால் காலை இழந்தவர்களுக்காக 1960-களின் பிற்பகுதியில் இராஜஸ்தான் மாநிலத் தலைநகர் ஜெய்ப்பூரில் உருவாக்கப்பட்ட ரப்பர் செயற்கைக் கால் ஆகும். சவாய் மான்சிங் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும், அங்கே பணியாற்றிய கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். காலணி இல்லாமல் நடக்கவும், தரையில் சம்மணமிட்டு உட்காரவும், குந்தி எழவும், சேற்று வயலில் இறங்கவும் ஏற்றதாக இது அமைந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான துணைக்கருவிகளின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. கருவிக்கு ஏற்றபடி மனிதர் மாற வேண்டுமா, மனிதரின் வாழ்க்கைக்கு ஏற்றபடி கருவி மாற வேண்டுமா என்ற கேள்விக்கு இது நேரடியாக விடை தந்தது.

செயற்கைக் காலின் முன்வரலாறு

இழந்த உறுப்புக்கு மாற்று செய்துகொள்ளும் முயற்சி மிகப் பழமையானது. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்தில், போரில் காலிழந்த விசுபலைக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் அளித்ததாக ஒரு செய்தி வருகிறது. அக்காலத்தில் உண்மையாகவே அத்தகைய கால் இருந்ததற்கு இது சான்றாகாது. ஆனால் அப்படி ஒன்றை மனிதர்கள் கற்பனை செய்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

நேரடிப் பொருட்சான்று எகிப்திலிருந்து கிடைக்கிறது. லக்சர் நகருக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் மம்மியில், மரத்தாலும் தோலாலும் செய்த கால் பெருவிரல் பொருத்தப்பட்டிருந்தது. இது ஏறத்தாழ 3000 ஆண்டுகள் பழமையானது. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் இதன் படிவத்தைச் செய்து, பெருவிரல் இல்லாதவர்களுக்குப் பொருத்தி, எகிப்தியச் செருப்பின் படிவத்துடன் நடக்கவைத்துப் பார்த்தார்கள். அது அழகுக்காக மட்டுமன்றி நடப்பதற்கும் உதவியிருக்கக் கூடும் என்று தெரியவந்தது.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, முழங்காலில் மடக்கிப் பூட்டக்கூடிய செயற்கைக் கால்களை வடிவமைத்து, படங்களுடன் வெளியிட்டார். அவருக்கு அவற்றைச் செய்து கொடுத்தவர் பாரிசு நகரத்துப் பூட்டுத் தொழிலாளி ஒருவர். மருத்துவரும் கைவினைஞரும் சேர்ந்து உழைக்கும் இந்த முறை நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஜெய்ப்பூரிலும் காணப்படுகிறது.

செயற்கைக் கால்களின் வளர்ச்சியைப் பெரும்பாலும் போர்களே விரைவுபடுத்தின. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861-ல் காலை இழந்த ஜேம்ஸ் ஹேங்கர் என்ற இளைஞர், தமக்குக் கொடுக்கப்பட்ட கட்டைக்கால் பிடிக்காமல், பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கித் தாமே ஒரு காலைச் செய்துகொண்டார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இயங்குகிறது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு மேலை நாட்டு அரசுகள் இத்துறை ஆய்வுகளுக்குப் பெரும் பணம் செலவிட்டன. அவற்றின் விளைவாக 1950-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான் ‘சாச்’ பாதம். இதன் உள்ளே அசையாத மரக்கட்டையும், குதிகாலில் அதிர்ச்சி தாங்கும் மென்மையான ஆப்பும் இருக்கும். எளிமையாகவும் உறுதியாகவும் இருந்ததால் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் இருந்த நிலை

இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின் காலத்தில், 1944-ல், புனேயில் படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் காலிழந்தவர்களுக்கு முக்கியமான புகலிடமாக இருந்தது அதுவே. அங்கே செய்யப்பட்ட கால்கள் மேலைநாட்டு முறையைப் பின்பற்றியவை.

ஜெய்ப்பூர் மருத்துவமனையில் பி. கே. சேத்தி கண்ட காட்சி வேறு. 1927-ல் காசியில் பிறந்த அவர், எடின்பரோவில் அறுவை மருத்துவ உயர்பட்டம் பெற்றவர். பொது அறுவை மருத்துவராக இருந்த அவரிடம் 1950-களின் இறுதியில் எலும்பு மருத்துவப் பிரிவைத் தொடங்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. காலிழந்த நோயாளிகள் பலர் செயற்கைக் கால் கிடைத்த பின்னரும் ஊன்றுகோலுடனேயே மருத்துவமனைக்கு வந்தனர். கிடைத்த காலை வீட்டில் கழற்றி வைத்திருந்தனர். இதற்கான காரணத்தை அவர் நோயாளிகளிடமே கேட்டார்.

அவர்கள் சொன்ன காரணங்கள் எளியவை. அந்தக் காலுக்குக் காலணி கட்டாயம். பாதம் காலணிக்குள் மறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்தியக் கிராமத்தில் காலணியுடன் வீட்டுக்குள் போக முடியாது, கோயிலுக்குள்ளும் போக முடியாது, நீர் நிற்கும் வயலிலும் இறங்க முடியாது. கணுக்கால் மடங்காததால் குந்த முடியாது. எனவே கழிப்பிடத்தில் உட்காரவும் முடியாது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட முடியாது. காலணி நனைந்தால் கெட்டுவிடும். புதிது வாங்கப் பணமில்லை. நாற்காலியில் அமர்ந்து, சமதளத்தில் காலணியுடன் நடப்பவரின் வாழ்க்கையை மனத்தில் வைத்துச் செய்த கருவி, தரையில் வாழ்பவருக்குப் பயன்படவில்லை.

இந்த இடத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ‘சாச்’ பாதம் குறைபாடுள்ள கருவி அன்று. அது பிறந்த நாட்டில் நன்றாகவே பயன்பட்டது. கிடைத்த காலைப் பயன்படுத்தாத நோயாளிகளை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படிச் செய்யாமல் அவர்கள் சொன்னதையே புதிய பாதத்தின் தேவைப் பட்டியலாக எடுத்துக்கொண்டதுதான் ஜெய்ப்பூரில் நடந்த முதல் மாற்றம்.

ராம் சந்திர சர்மாவின் பங்கு

ராம் சந்திர சர்மா பரம்பரைக் கைவினைஞர். முறையான பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. ‘மாஸ்டர்ஜி’ என்று அழைக்கப்பட்ட அவர், மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பணியில் இருந்தார். காலிழந்தவர்கள் படும் துன்பத்தை அன்றாடம் அருகிலிருந்து பார்த்தவர். பாதத்தின் எலும்பும் மூட்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை மருத்துவர்கள் விளக்கினார்கள். எந்தப் பொருளை எப்படி வார்த்தால் அந்த வேலையைச் செய்யவைக்கலாம் என்பதை அவர் தேடினார்.

மனிதப் பாதத்தைப் போலவே தோன்றும் ஒன்றை ரப்பரில் வார்க்கும் எண்ணம் அவரிடமிருந்து வந்தது. மிதிவண்டியில் காற்றுப் போனதால் பழுது பார்க்கும் கடைக்குச் சென்றவர், அங்கே லாரி டயருக்குப் புது ரப்பர் ஏற்றுவதைக் கண்டு இந்த எண்ணத்தைப் பெற்றார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, ஜெய்ப்பூர் பாதத்தின் தொழில்நுட்பம் டயர் ரீட்ரேடிங் கடையின் தொழில்நுட்பமே. கந்தகம் கலந்த ரப்பரை அச்சில் இட்டுச் சூடேற்றி உறுதியாக்கும் வல்கனைசிங் முறை அது. அந்த அச்சை உள்ளூர் உலோக வார்ப்புத் தொழிலாளர்களே செய்ய முடிந்தது.

முதல் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. முழுவதும் கெட்டி ரப்பரால் செய்த பாதம் கனமாகவும் விறைப்பாகவும் இருந்தது. பல மாதிரிகள் உடைந்தன, சில கிழிந்தன. ஒவ்வொன்றையும் நோயாளிகளே அணிந்து நடந்து பார்த்துக் குறை சொன்னார்கள். மருத்துவர்கள் எஸ். சி. காஸ்லிவால், மகேஷ் உதாவத் ஆகியோரும் இப்பணியில் இணைந்திருந்தனர். 1968 வாக்கில் பயன்படுத்தத் தக்க வடிவம் கிடைத்தது. செயற்கை உறுப்பியல் துறையின் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் 1978-ல் இப்பாதம் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது, மருத்துவர்களின் பெயர்களுடன் ராம் சந்திராவின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இடம்பெற்றது.

அமைப்பும் செயல்பாடும்

ஜெய்ப்பூர் பாதத்தின் உள்ளே மூன்று கட்டைகள் உள்ளன. குதிகாலிலும் பாதத்தின் முன்பகுதியிலும் நுண்துளை ரப்பர்க் கட்டைகள். கணுக்கால் பகுதியில் மரக்கட்டை. இம்மூன்றையும் தனித்தனியே ரப்பரால் சுற்றி, டயருக்குள் இருக்கும் நைலான் நூற்பட்டையால் கட்டி, மேலே தோல் நிற ரப்பரைப் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் ஒரே பாதமாகிவிடும். கணுக்கால் மரத்தில் பதித்த திருகாணி வழியே பாதம் மேற்காலுடன் இணைகிறது.

குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் ஒரே விறைப்பான கட்டை இல்லாததால் பாதம் எல்லாப் பக்கமும் ஓரளவு வளைகிறது. முன்பாதம் மேல்நோக்கி மடங்குவதால் குந்த முடிகிறது. உட்புறமாகச் சற்றுத் திரும்புவதால் சம்மணமிட முடிகிறது. பக்கவாட்டில் சாய்வதால் வரப்பிலும் மேடுபள்ளத்திலும் நடக்க முடிகிறது. நீர் புகாது. விரல்களும் தோல் நிறமும் இருப்பதால் காலணி இல்லாமலும் கூச்சமின்றி வெளியே போகலாம். கடைசிப் பயனைச் சிறியதாக எண்ணக் கூடாது. காலிழந்தவர் பலரை வீட்டுக்குள் முடக்கியது நடக்க முடியாமை மட்டுமன்று, பிறர் பார்வையும்தான்.

பாதத்துக்கு மேலே இருக்கும் பகுதி, எஞ்சிய காலைத் தாங்கும் உறை. தொடக்கத்தில் இதை அலுமினியத் தகட்டைத் தட்டி உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்தனர். பின்னர் நீர்ப்பாசனக் குழாய்களுக்குப் பயன்படும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் குழாயைச் சூடாக்கி, எஞ்சிய காலின் வார்ப்பின் மேல் இழுத்துப் பொருத்தும் முறை வந்தது. இதனால் ஒரு காலை ஒரே நாளில் செய்து முடிக்க முடிந்தது.

1975-க்குப் பிந்தைய பரவல்

கண்டுபிடித்தவுடன் கருவி மக்களைச் சென்றடைந்துவிடவில்லை. முதல் ஏழு ஆண்டுகளில் இக்காலைப் பெற்றவர்கள் சில பத்துப் பேரே. பயணச் செலவு, பல நாள் காத்திருப்பு, தங்க இடமின்மை ஆகியவையே தடைகள்.

இந்த நிலையை மாற்றியவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி டி. ஆர். மேத்தா. 1969-ல் நேர்ந்த கடும் விபத்தில் அவர் தம் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர். மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டை ஒட்டி, 1975-ல் ‘பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி’ என்ற அமைப்பை ஜெய்ப்பூரில் தொடங்கினார். காலிழந்தவர் எந்த நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்ளுதல், உடன் வருபவருக்கும் உணவும் இடமும் தருதல், காலை இலவசமாக வழங்குதல் ஆகியவை இவ்வமைப்பின் நடைமுறைகள். பின்னர் ஊர் ஊராக முகாம்கள் நடத்தப்பட்டன. செயற்கைக் கால், நடைக்கருவி, ஊன்றுகோல் முதலியவற்றைப் பெற்றோர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைக் கடந்தது.

மருத்துவர் சேத்தி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. எனவே யார் வேண்டுமானாலும் இதைச் செய்ய முடிந்தது. 1979-க்குப் பின் ஆப்கானிஸ்தானில் தொடர்ந்த போர்களில் கண்ணிவெடிகளால் காலிழந்தவர்களுக்கு இது பெருமளவில் பயன்பட்டது. 1997-ல் அமெரிக்க ‘டைம்’ இதழ் இக்காலைப் பற்றி எழுதியபோது அதன் விலை சுமார் 28 டாலர். பெரிய நகரங்களின் பெயர்களை அறியாத போர்ப்பகுதி மக்கள்கூட ஜெய்ப்பூரின் பெயரை அறிந்திருப்பார்கள் என்ற பொருளில் அவ்விதழ் குறிப்பிட்டது.

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத், பொருளாதாரப் பிரமிடின் அடித்தட்டில் உள்ள மக்களைப் பற்றி 2004-ல் வெளியிட்ட நூலில், ஏழைகளுக்கு ஏற்ற புத்தாக்கத்தின் எடுத்துக்காட்டாக ஜெய்ப்பூர் காலைச் சேர்த்தார். அதன்பின் மேலாண்மைக் கல்லூரிகளிலும் இது பாடமாயிற்று.

சுதா சந்திரன்

ஜெய்ப்பூர் காலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்ததில் நடனக் கலைஞர் சுதா சந்திரனுக்குப் பெரும் பங்குண்டு. மும்பையில் வாழ்ந்த அவர், 1981-ல் பெற்றோருடன் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது திருச்சிராப்பள்ளிக்கு அருகே பேருந்து விபத்தில் சிக்கினார். அப்போது அவர் பதின்ம வயதினர். காயம் அழுகியதால் வலது கால் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டது. ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, வலியோடும் புண்ணோடும் பயிற்சி செய்து, 1984-ல் மீண்டும் மேடையேறிப் பரதநாட்டியம் ஆடினார். அவர் வாழ்க்கையை ஒட்டித் தெலுங்கில் ‘மயூரி’ என்ற படம் எடுக்கப்பட்டது. அதில் அவரே நடித்தார். 1986-ல் அது ‘நாச்சே மயூரி’ என்று இந்தியிலும் வெளிவந்தது.

பரதநாட்டியம் வெறுங்காலுடன் ஆடப்படுவது. அரைமண்டியும் முழுமண்டியும் முழங்காலையும் கணுக்காலையும் மடக்கிச் செய்பவை. காலணிக்குள் மறைந்திருக்க வேண்டிய விறைப்பான பாதத்தால் இதைச் செய்ய இயலாது.

தமிழ் நிலங்களுடன் தொடர்பு

ஜெய்ப்பூர் பாதத்தில் உள்ள நுண்துளை ரப்பர் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்ற பொருள். தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் ஏற்படாமல் காக்க, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த ரப்பரைக் கொண்டு செருப்பு செய்யும் முறையை வளர்த்தனர். கரிகிரித் தொழுநோய் மையமும் இதில் பங்கேற்றது. இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ இதன் தொடர்ச்சியே. வேலூரிலும் ஜெய்ப்பூரிலும் மலிவான தொழிற்சாலைப் பொருளே கருவியாயிற்று.

இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் கண்ணிவெடியாலும் எறிகணை வீச்சாலும் காலிழந்தோர் பலர். கொழும்பில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனம் ஜெய்ப்பூர் முறைக் கால்களைச் செய்து வழங்கியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் என்ற பெயரையே தாங்கிய மறுவாழ்வு நிலையம் இயங்குகிறது. வடபகுதி மக்கள் பலருக்கு ‘ஜெய்ப்பூர்’ ஓர் ஊரின் பெயராக அறிமுகமாகும் முன்பே காலின் பெயராக அறிமுகமானது.

விமர்சனங்கள்

ஜெய்ப்பூர் காலைப் பற்றிய விமர்சனங்களும் வரலாற்றின் பகுதியே. 2004-ல் வெளிவந்த பன்னாட்டுக் கள ஆய்வுகள், பாலிஎத்திலீன் உறையுடன் கூடிய ஜெய்ப்பூர் கால்களை அணிந்தவர்களை இந்தியா, உகாண்டா, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளில் பரிசோதித்தன. உறை எஞ்சிய காலுடன் சரியாகப் பொருந்தாமை, காலின் நேர்நிலை பிழையாக அமைதல் ஆகிய குறைகள் பலரிடம் காணப்பட்டன. பாதம் நன்றாக இருந்தாலும் உறை பொருந்தாவிட்டால் தோல் உராய்ந்து புண்ணாகும்; கால் மீண்டும் மூலைக்குப் போய்விடும்.

இதன் காரணங்களைத் தேடினால் வெற்றிக்கான காரணங்களே எதிரே வந்து நிற்கின்றன. ஒரே நாளில் கால் கொடுத்து அனுப்பியதால் ஏழைகளால் பெற முடிந்தது. ஆனால் நடைப்பயிற்சிக்கும் மறுபரிசோதனைக்கும் நேரம் குறைந்தது. காப்புரிமை இல்லாததால் எங்கும் பரவியது. ஆனால் தரத்தைக் கண்காணிக்க வழியில்லை. எத்தனை கால்கள் கொடுக்கப்பட்டன என்பதை எண்ணுவது எளிது. ஓராண்டு கழித்து எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்பதை அறிவது கடினம். மருத்துவர் சேத்தியும் பிற்காலத்தில் தரம் குறைவதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். நோயாளிகள் காலைக் கழற்றி வைத்ததைக் கண்டு தொடங்கிய முயற்சிக்கு இது முக்கியமான அளவுகோல்.

பிற்கால மேம்பாடுகள்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பாலியூரித்தேன் தொழில்நுட்பத்தைக் கொண்டு எடை குறைந்த பாதம் செய்யும் முயற்சி நடந்தது. முழங்காலுக்கு மேலே காலிழந்தவர்களுக்காக அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெய்ப்பூர் அமைப்புடன் இணைந்து வடிவமைத்த ‘ஜெய்ப்பூர் முழங்கால்’, 2009-ல் டைம் இதழின் சிறந்த 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இடம்பெற்றது. அப்போது அதன் விலை ஏறத்தாழ 20 டாலர்.

அரசுத் தரப்பில், 1972-ல் கான்பூரில் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் நிறுவப்பட்டது. துணைக்கருவிகள் வாங்க உதவும் நடுவண் அரசுத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பல துணைக்கருவிகளுக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. நடப்பதற்கும் படிப்பதற்கும் வரியா என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

யாருடைய கண்டுபிடிப்பு?

1981-ல் மருத்துவர் சேத்திக்குப் பத்மஸ்ரீ விருதும் ரமோன் மகசேசே விருதும் கிடைத்தன. ராம் சந்திர சர்மாவுக்கு அத்தகைய விருது எதுவும் அப்போது கிடைக்கவில்லை. நீண்ட காலம் பாடநூல்களிலும் செய்திகளிலும் சேத்தியின் பெயரே தனித்து வந்தது. இப்போது இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்துள்ளது. உடற்கூற்றியல் அறிவு இல்லாமல் ரப்பர் பாதம் பொம்மையாகவே இருந்திருக்கும். கைவினை அறிவு இல்லாமல் மருத்துவரின் எண்ணம் தாளிலேயே நின்றிருக்கும். அணிந்து பார்த்துக் குறை சொன்ன நோயாளிகள் மூன்றாவது தரப்பு. அவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வரலாற்று முக்கியத்துவம்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் ஏறத்தாழ 54 இலட்சம் பேர் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவைப்படுகிறது என்றும், சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் 3 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்றும் கூறுகிறது.

இந்த இடைவெளியைப் பணத்தால் மட்டும் நிரப்ப முடியாது என்பதை ஜெய்ப்பூர் காலின் வரலாறு காட்டுகிறது. புனேயிலிருந்து வந்த கால்கள் விலையின் காரணமாக மட்டும் மூலையில் கிடக்கவில்லை. அணிபவரின் வீடும் வயலும் கழிப்பிடமும் வடிவமைத்தவரின் கணக்கில் இல்லாததால் கிடந்தன. சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, திரை வாசிப்பான் என இன்று எந்தத் துணைக்கருவியை மதிப்பிடும்போதும் இதே கேள்விகளைக் கேட்கலாம். பயன்படுத்தப்போகிறவரைக் கேட்டார்களா? பழுதானால் அவர் ஊரிலேயே சரிசெய்ய முடியுமா? கொடுத்த ஓராண்டுக்குப் பிறகும் அவர் அதைப் பயன்படுத்துகிறாரா?